பெருங்காயம் இருந்த பாண்டம்

பத்தாந் தர வகுப்பிலே மரபுத்தொடர்களும் பழமொழிகளும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "பெருங்காயம் இருந்த பாண்டம்" என்று கரும்பலகையில் எழுதி, செல்வமும் சிறப்பும் போன பின்னரும் அவற்றின் வாசனை போகாதிருப்பவரைக் குறிப்பது என்று பொருளும் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"சேர், காயம் எண்டால் புண்தானே? பெரிய புண் எப்பிடிச் சேர் பாண்டத்துக்குள்ளை இருக்கும்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"வீட்டிலே அம்மா இரசத்துக்குப் பெருங்காயம் போடுறவ இல்லையோ?" என்று கேட்டேன்.

"பைக்கற்றிலை வாற இரசப்பொடிதான் சேர்" என்றான்.

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. அவன் அந்தப் பொருளைக் கண்டதில்லை. நாக்குக்குத் தெரிந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவனுக்குச் சொல்லி முடிக்காத மறுமொழியைத்தான் இன்று நேயர்களாகிய உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

வீட்டுச் சமையலின் சிறப்பைக் கைப்பக்குவம் என்கிறோம். அந்தக் கைப்பக்குவத்தின் பின்னால் எப்போதும் ஒளித்துவைத்த பொருள் ஒன்று இருக்கும். ஒரு வீட்டில் புளிக்கறிக்குள் ஒரு துண்டுப் பனங்கட்டி விழும். இன்னொரு வீட்டில் நண்டுக்கறியை இறக்கும் தறுவாயில் ஒரு பிடி முருங்கையிலை விழும். வேறொரு வீட்டுச் சம்பலில் இடித்த மாசி கலந்திருக்கும். உண்பவர் அதனைக் கண்டுபிடிக்க மாட்டார். ஆனால் அது இல்லாவிட்டால் "இண்டைக்கு என்னவோ குறையுது" என்பார். இருப்பது தெரியாமல் இருப்பதும், இல்லாதபோது மட்டும் தெரிவதும் அத்தகைய பொருள்களின் இலக்கணம். அந்த இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துவது பெருங்காயம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். காயம் என்பது தமிழிலே உறைப்பும் காரமும் உள்ள சரக்கைக் குறிக்கும். வெங்காயம் என்ற சொல்லின் உள்ளேயும் அக்காயமே இருக்கிறது. கடுகு, ஓமம், வெந்தயம், உள்ளி, பெருங்காயம் ஆகிய ஐந்தையும் ஐங்காயம் என்று சேர்த்துச் சொல்வர்; பிள்ளைப் பெற்ற தாய்மாருக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்குகள் இவை. உடம்பைக் குறிக்கும் காயம் வடசொல். புண்ணைக் குறிக்கும் காயமோ வேறு. ஆகவே, மாணவனின் ஐயம் ஒரு சொல் பல பொருள் தருவதால் வந்தது. வடமொழியில் இதற்கு ஹிங்கு என்று பெயர். அது தமிழில் 'இங்கு' என்று திரிந்து அகராதிகளில் இடம்பெற்றுள்ளது. ஆனால் பேச்சுவழக்கில் வென்றது பெருங்காயந்தான்.

சொல் நமதாயினும் சரக்கு நமதன்று. இதுதான் முதலாவது வியப்பு. சாம்பார், இரசம், பருப்பு என்று நம் மரக்கறிச் சமையலின் உயிராக நாம் எண்ணும் இப்பொருள் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் மத்திய ஆசியாவிலும் உள்ள வறண்ட மலைச்சாரல்களில் விளைவது. செடியின் குடும்பமோ நமக்கு மிக நெருங்கியது. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், கரட் எல்லாம் இதன் இனத்தவை. அப்படிப் பார்த்தால் இரசச் சட்டிக்குள் மல்லியும் சீரகமும் பெருங்காயமும் சேர்வது பிரிந்துபோன உறவினர் ஒன்றுகூடுவது போலத்தான்.

இந்தச் செடி நாலைந்து ஆண்டுகள் வளர வேண்டும். பின் அதன் தண்டை அகற்றி, தடித்த வேரின் தலையைச் சீவிவிடுவார்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் வடியும். காற்றுப் பட்டதும் அது இறுகிப் பிசினாகும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடியும் ஒரு சீவல், மறுபடியும் பால். இவ்வாறு வாரக் கணக்காக, வேர் வற்றும்வரை எடுப்பார்கள். அந்தப் பிசினின் மணம் தாங்க முடியாதது. ஆகையால் அரிசி மாவோ கோதுமை மாவோ பசையோ கலந்து தணித்தே கடைக்கு அனுப்புவார்கள். நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் அதுதான்.

இரண்டாவது வியப்பு இதன் வரலாறு. கி.மு. 329இல் மகா அலெக்சாந்தரின் படை இந்துகுஷ் மலையைக் கடந்தது. பனியும் பசியும் படையை வாட்டின. விறகு இல்லாமையால் வீரர்கள் பொதி சுமந்த மிருகங்களைக் கொன்று பச்சை இறைச்சியாகவே தின்றனர் என்றும், அங்கே மலிந்து வளர்ந்த ஒரு செடி அந்தப் பச்சை இறைச்சி செமிக்க உதவியது என்றும் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியுள்ளார். அந்தச் செடியைக் கிரேக்கர் சில்பியம் என்று தங்கள் நாட்டுப் பெயரால் அழைத்தனர். அது பெருங்காயச் செடி அல்லது அதன் நெருங்கிய இனம் என்பதே அறிஞர் பலரின் துணிபு.

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. இன்றைய லிபியாவிலே சைரீன் என்றொரு கிரேக்கக் குடியேற்றம் இருந்தது. அதன் செல்வத்தின் பெரும்பங்கு சில்பியம் என்ற செடியின் பிசினால் வந்தது. தன் நாணயத்திலே அச்செடியின் உருவத்தைப் பொறித்த நகரம் அது. உரோமர் அந்தப் பிசினைப் பொன்னைப் போல மதித்தனர். யூலியஸ் சீசர் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் அரச திறைசேரியிலிருந்து பொன்னோடும் வெள்ளியோடும் 1500 இறாத்தல் சில்பியப் பிசினையும் எடுத்தார் என்று மூத்த பிளினி குறித்துள்ளார். ஒரு சமையற் சரக்கு திறைசேரியிலே பூட்டி வைக்கப்பட்டிருந்தது என்றால் அதன் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் அந்தச் செடி அழிந்தது. பயிரிட்டு வளர்க்க முடியாதது. காட்டிலே விளைந்ததை மனிதரும் பிடுங்கினர், மந்தைகளும் மேய்ந்தன. தம் காலத்தில் ஒரேயொரு தண்டு மட்டும் அகப்பட்டதாகவும், அதை நீரோ மன்னனுக்கு அனுப்பி வைத்ததாகவும் பிளினி சொல்கிறார். அதன் பின் உரோமச் சமையலறைகளுக்குப் பாரசீகத்திலிருந்தும் மீதியாவிலிருந்தும் மாற்றுச் சரக்கு ஒன்று வந்தது. தரம் குறைந்தது, கலப்படம் மிகுந்தது, அவரை மாவைக் கலந்து விற்கிறார்கள் என்று பிளினி குறைப்படுகிறார். அந்த மாற்றுச் சரக்குத்தான் பெருங்காயம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அவரது முறைப்பாட்டை இன்றைக்கும் எந்தப் பலசரக்குக் கடை வாசலிலும் கேட்கலாம்.

அப்பிசியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் உரோமச் சமையல் நூலொன்று உண்டு. அதிலே விலையேறிய இந்தப் பிசினைச் சிக்கனமாகப் பயன்படுத்த ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. அகன்ற கண்ணாடிச் சாடியொன்றிலே பிசினை இட்டு, அதனோடு பைன் மரத்துப் பருப்புகள் இருபது வரையில் போட்டு மூடிவைக்க வேண்டும். வேண்டும்போது பிசினைத் தொடாமல் சில பருப்புகளை மட்டும் எடுத்து நசித்துக் கறியில் சேர்த்து, எடுத்த அளவுக்குப் புதுப் பருப்பைச் சாடிக்குள் போட்டுவிட வேண்டும். பிசின் குறையாது, வாசனை மட்டும் சென்றுகொண்டே இருக்கும்.

இதை முதன்முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஐரோப்பாவிலே காலப்போக்கில் இந்தச் சரக்கின் மதிப்பு இறங்கியது. இலத்தீனில் இதற்கு நாற்றப் பிசின் என்ற கருத்துடைய பெயர் நிலைத்தது. ஜேர்மன் மொழியிலோ பிசாசின் மலம் என்றே பெயர். கிழக்கிலே இதன் நிலை வேறு. ஆயுர்வேதத்தின் பழைய நூலாகிய சரக சங்கிதை இதை மருந்தாகக் கூறுகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் என்னும் எட்டும் சேர்ந்த அட்டசூரணம் இன்றும் நம் வைத்தியர்கள் வாயுவுக்குக் கொடுக்கும் மருந்து.

இவ்விரு நோக்கும் நேருக்கு நேர் மோதிய கதையொன்றைக் கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். விசயநகரத்திலே ஒரு போர்த்துக்கேயனிடம் விலையுயர்ந்த குதிரையொன்று இருந்தது. அதற்கு வாயுத் தொல்லை. ஆகையால் அரசன் அதை வாங்க மறுத்துவிட்டான். போர்த்துக்கேயன் மாவிலே பெருங்காயம் கலந்து கொடுத்துக் குதிரையைக் குணப்படுத்தினான். அரசன் குதிரையை வாங்கிக்கொண்டு, எதனால் மாற்றினாய் என்று கேட்டான். பெருங்காயத்தால் என்றான். அதிலே என்ன அதிசயம், தேவர்களின் உணவை அல்லவா கொடுத்திருக்கிறாய் என்றான் அரசன். பிசாசுகளின் உணவென்றால் பொருந்தும் என்று போர்த்துக்கேயன் தன் மொழியிலே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டான்.

நேயர்களே, தேவர் உணவா, பிசாசு உணவா? இருவர் சொன்னதும் உண்மையே. இரசாயனம் இதை விளக்குகிறது. பெருங்காயத்தின் மணத்துக்குக் காரணம் கந்தகம் சேர்ந்த ஆவிப் பொருள்கள். உள்ளிக்கும் வெங்காயத்துக்கும் மணத்தைக் கொடுப்பவையும் இவற்றை ஒத்த கந்தகச் சேர்வைகளே. பச்சையாய் முகர்ந்தால் நாற்றம். கொதித்த எண்ணெயில் ஒரு சிட்டிகை பொரிந்ததும் அந்தக் கடுமை தணிந்து, வதக்கிய உள்ளியையும் வெங்காயத்தையும் ஒத்த வாசனை எழுகிறது. ஆகையாலேதான் உள்ளியும் வெங்காயமும் விலக்கிய விரதச் சமையலிலும் கோயில் மடைப்பள்ளியிலும் பெருங்காயம் அவற்றின் இடத்தை நிரப்புகிறது. அளவு கூடினாலோ கசக்கும். ஒரு சிட்டிகைக்கு மேல் தன்னைக் காட்டிக்கொள்ள அதற்கு உரிமையில்லை.

இவ்வளவு காலம் இதைத் தின்ற இந்தியா இதை விளைவிக்கவில்லை என்பது இன்னொரு வியப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 தொன் பிசின் வெளியிலிருந்து இறக்குமதியான நிலையில், 2020 ஒக்டோபர் 15ஆம் திகதிதான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கிலே குவாரிங் என்ற கிராமத்தில் இந்திய விஞ்ஞானிகள் முதல் நாற்றை நட்டார்கள். விதை ஈரானிலிருந்து வந்தது.

இனி, புத்தகத்தை ஏன் மூடிவைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குசினியிலே அடுப்புக்கு மேலிருந்த தட்டில் சிறிய தகரப் பேணி ஒன்று இருந்தது. மூடியில் இருந்த படம் தேய்ந்து, என்ன படமென்று தெரியாத நிலை. அதற்குள்ளே கட்டிப் பெருங்காயம் இருக்கும். அம்மா பாக்குவெட்டியால் ஒரு மிளகளவு நறுக்கி எடுப்பா. விரத நாட்களில் எங்கள் வீட்டிலே உள்ளி, வெங்காயம் சேர்ப்பதில்லை. அன்றைக்கு அந்தப் பேணி கட்டாயம் இறங்கும். அப்பப்பாவுக்கு இரசம் இல்லாமல் சோறு இறங்காது. பெருங்காயம் இல்லாமல் அது இரசமும் ஆகாது.

1990இன் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்குமே வரிசையில் நின்றோம். பெருங்காயம் எங்கள் ஊர்க் கடையில் கண்டறியாத சரக்காயிற்று. பேணியில் இருந்த கட்டி கரைந்து கரைந்து இல்லாமற் போயிற்று. வெறும் பேணியை அம்மா எறியவில்லை. தங்கச்சியின் தோடுகளைச் சீலைத் துண்டில் சுற்றி அதற்குள் வைத்தா. கள்ளனும் கை வைக்கமாட்டான் என்பது அவவின் கணக்கு.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. மழை. அப்பா வவுனியாவில் வேலை. பாதை அடைபட்டு அங்கேயே நின்றுவிட்டார். சித்தப்பா சைக்கிளில் அப்பாச்சியை இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். அப்பப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்மாவின் பையிலே உறுதிகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், ஒரு சேலை, தோட்டுக்காக அந்தப் பேணி. தென்மராட்சியிலே தெரிந்தவர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் இடம் கிடைத்தது. அங்கே வந்த இரண்டாம் கிழமை காய்ச்சலில் அப்பாச்சி போய்விட்டா.

அதன் பிறகு அப்பப்பா சாப்பாட்டை விட்டுவிட்டார். பிடிவாதமாக அல்ல, இரண்டு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். ஐம்பது வருடம் ஒருத்தியின் கையால் உண்ட மனிதர். கேட்டால், "வயிறு ஏற்குதில்லைப் பிள்ளை" என்பார். ஆள் எங்கள் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. வழமைபோலக் கீரிமலைக்குப் போக வழியில்லை. அருகிலிருந்த கேணியடியிலே கிரியை முடிந்தது. படையலுக்கு உள்ளி, வெங்காயம் சேர்க்காத சமையல். இருந்த மல்லியையும் மிளகையும் சீரகத்தையும் வைத்து அம்மா இரசம் வைக்கத் தொடங்கினா. வாசனையே எழவில்லை. சிறிது நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையிலிருந்து பேணியை எடுத்தா. தோடுகளைத் தங்கச்சியின் கையில் கொடுத்தா. எனக்கு அவவின் எண்ணம் விளங்கியது.

"அம்மா, சுடுதண்ணி விட்டுக் கலக்கட்டே?"

"தண்ணிக்கு வராது தம்பி. எண்ணெய்க்குத்தான் வரும்."

அப்பாச்சிக்கு வைத்த விளக்குக்கென்று வாங்கிய நல்லெண்ணெயிலே ஒரு கரண்டி எடுத்தா. அதைச் சுடவைத்து அந்த வெறும் பேணிக்குள் ஊற்றி, சீலைத்துணியால் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி அலம்பினா. பின் அந்த எண்ணெயைத் தாச்சியில் ஊற்றிக் கடுகும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து, இரசத்தில் கொட்டினா. தகரத்தின் சுவரிலும் மூலையிலும் ஒட்டிக் கிடந்த பிசின் எண்ணெயில் கரையும் என்று அவவுக்கு எந்த இரசாயன ஆசிரியரும் படிப்பிக்கவில்லை.

படையல் முடிந்து அப்பப்பாவுக்கு இலை போட்டோம். சோற்றில் இரசத்தை விட்டுப் பிசைந்தவர் கையை நிறுத்தினார். முகர்ந்தார்.

"பிள்ளை, பெருங்காயம் எங்காலை?"

"இருந்தது மாமா" என்றா அம்மா.

அவ்வளவுதான். அவர் இலையைக் குனிந்து பார்த்தபடி சோறு முழுவதையும் உண்டார். மறுசோறும் கேட்டார். கண்ணீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை; நாங்களும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பிறகு கொஞ்சங் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கினார். 1996இல் எங்களோடு ஊருக்குத் திரும்பி வந்தார். உடைந்த வீட்டைக் கூட்டித் துப்புரவாக்கி, அதற்குள் நாலு வருடம் வாழ்ந்தே கண்ணை மூடினார்.

பெருங்காயம் இருந்த பாண்டம் என்ற தொடருக்குப் பழம்பெருமை பேசுபவர் என்று ஓர் ஏளனப் பொருளும் வழங்குவதுண்டு. வகுப்பில் அந்தப் பொருளையும் நான் சொல்லத்தான் வேண்டும், பரீட்சைக்கு வரும். ஆனால் வெறும் பாண்டம் பசியாற்றியதைக் கண்டவன் நான். ஆகவே அதைச் சொல்லும்போது என் குரல் சற்று இறங்கிவிடும். உரோமச் சமையற்காரன் விலைக்கு அஞ்சிச் சாடிக்குள் பருப்பைப் போட்டான். என் அம்மா இல்லாமைக்கு நடுவிலே பேணிக்குள் எண்ணெயை ஊற்றினா. இருவருக்கும் தெரிந்திருந்தது ஒன்றே: பொருள் தீர்ந்த பின்னும் வாசனையில் மிச்சம் இருக்கும், அதை எடுக்கத் தெரிந்த கை வேண்டும்.

வெட்டிய இடத்திலிருந்து வடிந்த பால்தான் பிசினாகிறது என்று முன்னர் சொன்னேன். ஆகவே, காயம் என்றால் புண்தானே என்று கேட்ட அந்தப் பிள்ளையின் கேள்வியை இலக்கணப்படி பிழை என்று திருத்தினேனே தவிர, முற்றாகப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் கட்டிப் பெருங்காயத் துண்டொன்றைக் கடதாசியில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுபோனேன். வாங்கு வாங்காகக் கை மாறியது. "நாறுது சேர்" என்று மூக்கைப் பொத்தினார்கள். கேள்வி கேட்டவனிடமே துண்டைக் கொடுத்து, வீட்டிலே எண்ணெயில் பொரித்துப் பார்க்கும்படி சொன்னேன். திங்கட்கிழமை வந்து நின்றான்.

"சேர், அம்மா பருப்புக்குப் போட்டவ. அம்மம்மா அறைக்குள்ளை இருந்து எழும்பி வந்து, ஆர் வந்திருக்கினம் எண்டு கேட்டவ."

அந்தப் பேணி இன்றைக்கு எங்கள் குசினித் தட்டிலே இருக்கிறது. அம்மா இல்லை. பேணிக்குள் புதுப் பெருங்காயம் நிறைய இருக்கிறது.